கம்பியில்லா வலையமைப்பு: கணினியை இணைத்தல், பழுது காணல், பாதுகாத்தல்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்

மாணவர்களே,

கணினி வலையமைப்பு எனும் அலகில் கம்பியில்லா வலையமைப்பு ஒரு சிறு பகுதியே. எனினும் உங்களிற் பலர் நாள்தோறும் கையாளுவது இதனைத்தான். கையாளத் தெரிந்ததால் விடையும் தெரியும் என்று எண்ணிப் புள்ளிகளை இழப்பவர்களும் பலர். "வை-பை என்றால் என்ன?" என்ற வினாவுக்கு "இணையம்" என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகின்றனர். இது பிழையான விடை. வை-பை என்பது இணையம் அன்று. உங்கள் கணினியை அருகிலுள்ள ஒரு சாதனத்துடன் வடமின்றி இணைக்கும் வழி மட்டுமே அது. அந்தச் சாதனத்துக்கு அப்பால் இணையம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இந்த ஒரு வேறுபாட்டைத் தெளிவாக விளங்கிக்கொண்டால் பரீட்சை வினாக்களுக்கு விடை எழுதலாம். விண்ணப்பம் அனுப்பவேண்டிய கடைசி நாளில் இணைப்பு அறுந்தாலும் பதறாமல் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். இப்பாடத்தின் நோக்கம் இவ்விரண்டுமே.

1. ஊடகம்

தரவுத் தொடர்பாடல் ஊடகங்கள் இரு வகைப்படும்.

(அ) வழிகாட்டப்பட்ட ஊடகம்: முறுக்கிய கம்பிச் சோடி, ஓரச்சு வடம், ஒளியியல் நார் என்பன. இங்கு சைகை வடத்தின் உள்ளே மட்டும் செல்கின்றது.

(ஆ) வழிகாட்டப்படாத ஊடகம்: வானொலி அலை, நுண்ணலை, செந்நிறக்கீழ்க் கதிர் என்பன. இங்கு சைகை வெளியிற் பரவுகின்றது.

வை-பை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. வானொலி அலைகளைக் கொண்டு கணினிகளுக்கிடையே தரவைப் பொதிகளாக அனுப்பும் முயற்சிக்கு முன்னோடியாக அமைந்தது ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் அலோஹாநெட் வலையமைப்பாகும். அது 1971இல் இயங்கத் தொடங்கியது. தீவுகளுக்கிடையே வடம் இழுப்பது எளிதன்று என்பதை இலங்கையர் எவரும் விளங்கிக்கொள்வர். இன்று நாம் பயன்படுத்தும் வை-பையின் முதலாவது நியமமான 802.11ஐ ஐ.ஈ.ஈ.ஈ. எனும் மின், இலத்திரனியல் பொறியியலாளர் நிறுவகம் 1997இல் வெளியிட்டது. அதன் உயர்ந்தபட்ச வேகம் செக்கனுக்கு 2 மெகாபிற்று மட்டுமே.

விஞ்ஞான பாடத்தில் படித்த சமன்பாட்டை இங்கு நினைவுகூருங்கள்.

வேகம் = மீடிறன் × அலைநீளம்

வானொலி அலையின் வேகம் ஏறத்தாழ செக்கனுக்கு 300,000,000 மீற்றர். மீடிறன் 2.4 கிகாஹேர்ட்ஸ் எனின் அலைநீளம் 12.5 சென்ரிமீற்றர் ஆகும். 5 கிகாஹேர்ட்ஸ் எனின் 6 சென்ரிமீற்றர் ஆகும். வீடுகளில் உள்ள வை-பை பெரும்பாலும் இவ்விரு மீடிறன் பட்டைகளிலேயே இயங்குகின்றது. இரண்டையும் ஒப்பிட்டு எழுதும் வினா அடிக்கடி வரக்கூடியது.

2.4 கிகாஹேர்ட்ஸ்: சுவர்களைத் தாண்டிக் கூடிய தூரம் செல்லும். வேகம் குறைவு. புளூடூத் சாதனங்களும் நுண்ணலை அடுப்பும் இதே பட்டையில் இயங்குவதால் இடையூறு கூடுதல்.

5 கிகாஹேர்ட்ஸ்: வேகம் கூடுதல், இடையூறு குறைவு. ஆனால் சுவர்களைத் தாண்டும்போது விரைவில் வலுவிழக்கும்.

2. தேவையான வன்பொருள்கள்

(அ) கம்பியில்லா வலையமைப்பு இடைமுக அட்டை. இது மடிக்கணினியின் உள்ளேயே இருக்கும். மேசைக் கணினிகள் பலவற்றில் இருக்காது. அவ்வாறாயின் யூ.எஸ்.பி. துறையிற் செருகும் சிறிய அடப்டர் ஒன்றைத் தனியே வாங்கவேண்டும்.

(ஆ) அணுகு புள்ளி. கம்பியில்லாச் சைகையை அனுப்பியும் பெற்றும் சாதனங்களை வலையமைப்புடன் சேர்ப்பது இதுவாகும்.

(இ) வழிப்படுத்தி. ஒரு வலையமைப்பை இன்னொன்றுடன் இணைத்துத் தரவுப் பொதிகளைச் சரியான பாதையில் அனுப்புவது.

(ஈ) மோடெம் அல்லது அதற்கு நிகரான சாதனம். சேவை வழங்குநரின் தொலைபேசி வழி, ஒளியியல் நார் அல்லது கையடக்கத் தொலைபேசி வலையமைப்புடன் தொடர்பு கொள்வது.

வீடுகளில் நாம் ரவுட்டர் என்று அழைக்கும் பெட்டியில் பெரும்பாலும் அணுகு புள்ளி, வழிப்படுத்தி, ஆளி ஆகிய மூன்றும் சேர்ந்தே இருக்கும். பலவற்றில் மோடெமும் சேர்ந்திருக்கும். பெட்டி ஒன்று, தொழில்கள் பல. விடைத்தாளில் "வழிப்படுத்தி" என்றே எழுதுக. இப்பாடத்தில் பேச்சு வசதிக்காகப் பெட்டி முழுவதையும் ரவுட்டர் என்கிறோம்.

3. நியமங்கள்

பின்வருவன அந்தந்த நியமத்தின் கோட்பாட்டளவிலான உயர்ந்தபட்ச வேகங்களாகும்.

802.11பி – 1999 – 2.4 கிகாஹேர்ட்ஸ் – செக்கனுக்கு 11 மெகாபிற்று
802.11ஏ – 1999 – 5 கிகாஹேர்ட்ஸ் – செக்கனுக்கு 54 மெகாபிற்று
802.11ஜி – 2003 – 2.4 கிகாஹேர்ட்ஸ் – செக்கனுக்கு 54 மெகாபிற்று
802.11என் (வை-பை 4) – 2009 – 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் – செக்கனுக்கு 600 மெகாபிற்று
802.11ஏசி (வை-பை 5) – 2013 – 5 கிகாஹேர்ட்ஸ் – செக்கனுக்கு ஏறத்தாழ 6.9 கிகாபிற்று
802.11ஏஎக்ஸ் (வை-பை 6) – 2021 – 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் (6 கிகாஹேர்ட்ஸ் பட்டைக்கும் விரிவாக்கப்பட்டது) – செக்கனுக்கு ஏறத்தாழ 9.6 கிகாபிற்று

இவற்றின் பின்னர் வை-பை 7 எனப்படும் 802.11பிஈ நியமமும் வந்துள்ளது.

வீட்டில் இவ்வேகங்கள் கிடைப்பதில்லை. ஒரே அலைவரிசையில் உள்ள சாதனங்கள் யாவும் ஒரே வெளியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று அனுப்பும்போது மற்றவை காத்திருக்கவேண்டும். ஒரு கூட்டத்தில் இருவர் ஒரே நேரத்திற் பேசினால் இருவர் சொல்வதும் விளங்காது அல்லவா? அதுபோலத்தான். வீட்டில் ஐந்து தொலைபேசிகளில் காணொளி ஓடும்போது உங்கள் வகுப்பு இடையிடையே நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. கணினியை இணைக்கும் படிமுறை

விண்டோஸ் 11 பணிசெயல் முறைமையை அடிப்படையாகக் கொண்டு படிமுறை கீழே தரப்படுகின்றது. விண்டோஸ் 10இலும் பெரும்பாலும் இதுவே. (விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபருடன் முடிவடைந்தது.)

படி 1: அட்டை உண்டா எனப் பார்த்தல். ஸ்டார்ட் பொத்தானில் வலச்சொடுக்குச் செய்து "டிவைஸ் மனேஜர்" என்பதைத் திறக்க. "நெட்வேர்க் அடப்டர்ஸ்" என்பதன் கீழ் "வயர்லெஸ்" அல்லது "வை-பை" என்ற சொல்லுடன் ஒரு பெயர் இருக்கவேண்டும். பெயருக்கு அருகே மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி இருப்பின் பெரும்பாலும் சாதனச் செலுத்தி மென்பொருளில் குறை உள்ளது. அதனை மீண்டும் நிறுவவேண்டும்.

படி 2: செயற்படுத்தல். திரையின் வலது கீழ் மூலையில் உள்ள வலையமைப்புச் சின்னத்தைச் சொடுக்குக. விமானப் பயண நிலை நிறுத்தப்பட்டும் வை-பை இயக்கப்பட்டும் இருக்கவேண்டும். சில மடிக்கணினிகளில் இதற்கெனத் தனியான ஆளியோ விசைப்பலகை விசையோ உண்டு.

படி 3: பெயரைத் தெரிதல். அருகிலுள்ள வலையமைப்புகளின் பெயர்கள் பட்டியலாகத் தோன்றும். இப்பெயர் எஸ்.எஸ்.ஐ.டி. எனப்படும். பூட்டுக் குறி உள்ளவை கடவுச்சொல் கேட்பவை. உங்கள் ரவுட்டரின் பெயரைத் தெரிந்து "கனெக்ட்" என்பதைச் சொடுக்குக. "தானாக இணை" என்ற பொருளில் உள்ள சிறு பெட்டியில் நம்பிக்கையான வலையமைப்புக்கு மட்டும் அடையாளமிடுக.

படி 4: கடவுச்சொல் வழங்கல். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறாகக் கொள்ளப்படும். பூச்சியமும் "ஓ" எழுத்தும் ஒன்றுபோல் தோன்றுவதால் ஏற்படும் பிழை மிகச் சாதாரணம். கண் வடிவச் சின்னத்தை அழுத்தித் தட்டெழுதியதைச் சரிபார்க்கலாம்.

படி 5: வகையைத் தெரிதல். இணைந்த பின் அவ்வலையமைப்பின் பண்புகளில் "பப்ளிக்" அல்லது "பிரைவேட்" எனத் தெரியலாம். பொது இடங்களில் எப்போதும் "பப்ளிக்" ஆக இருக்கட்டும். அப்போது உங்கள் கணினி மற்றவற்றின் பார்வைக்குத் தென்படாது. வீட்டில் கோப்பு அல்லது அச்சுப்பொறியைப் பகிரவேண்டியபோது மட்டும் "பிரைவேட்" எனத் தெரிக.

படி 6: தொலைபேசி ஹொட்ஸ்பொட் எனில் மேலும் ஒரு படி. அம்மாவின் தொலைபேசியை ஹொட்ஸ்பொட் ஆக்கிக் கணினியை இணைக்கும்போது, கணினி இதனை எல்லையற்ற இணைப்பு எனக் கருதிப் பெரிய இற்றைப்படுத்தல்களைத் தானாகவே பதிவிறக்கக் கூடும். ஒரு கிழமைக்கென வாங்கிய டேற்றா ஓரிரவில் முடிந்துவிடும். பண்புகளில் "மீட்டர்ட் கனெக்ஷன்" என்பதை இயக்கினால் இவ்வாறான பதிவிறக்கங்களிற் பெரும்பாலானவை தவிர்க்கப்படும். பரீட்சைக்கு வராவிட்டாலும் வீட்டுக்கு அவசியமான அறிவு இது.

5. ஐந்து கண்ணிகள்

கணினியின் திரையில் ஒரு இணையப்பக்கம் தோன்றவேண்டுமாயின் ஐந்து கண்ணிகள் அறாமல் இருக்கவேண்டும். சங்கிலியைப் போல வரிசையாக நினைவில் வைத்திருங்கள்.

கண்ணி 1 – அட்டை. வன்பொருளும் சாதனச் செலுத்தியும் இயங்கவேண்டும்.

கண்ணி 2 – வானொலித் தொடர்பு. அட்டையும் ரவுட்டரும் ஒன்றையொன்று அடையவேண்டும், கடவுச்சொல் பொருந்தவேண்டும்.

கண்ணி 3 – முகவரி. ரவுட்டர் உங்கள் கணினிக்கு ஓர் ஐ.பி. முகவரியை வழங்கவேண்டும். டி.எச்.சி.பி. எனும் நடப்பொழுங்கு இதனைத் தானாகச் செய்கின்றது. வீடுகளில் இம்முகவரி பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும். வெளியே செல்லும் தரவு அனைத்தும் ரவுட்டரின் முகவரியூடாகவே செல்லும். ஆகவே ரவுட்டர் இயல்புநிலை நுழைவாயில் எனப்படும். வீட்டுக்குப் படலை எப்படியோ வலையமைப்புக்கு இது அப்படி.

கண்ணி 4 – வெளி வழி. ரவுட்டரிலிருந்து இணையச் சேவை வழங்குநருக்குச் செல்லும் இணைப்பு இயங்கவேண்டும், டேற்றா மீதி இருக்கவேண்டும்.

கண்ணி 5 – பெயர் தீர்வு. நாம் தட்டெழுதும் இணையத்தளப் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றும் ஆள்களப் பெயர் முறைமை இயங்கவேண்டும்.

வை-பை எனப்படுவது கண்ணி 2 மட்டுமே. திரையின் மூலையில் தெரியும் வளைகோடுகள் காட்டுவதும் கண்ணி 2இன் வலிமையை மட்டுமே. கோடுகள் நிறைந்திருந்தும் பக்கம் திறக்காமைக்கு இதுவே விளக்கம். "இணையம் இல்லை, பாதுகாக்கப்பட்டது" என்ற பொருளில் விண்டோஸ் ஒரு செய்தி காட்டுவதைக் கண்டிருப்பீர்கள். முரணாகத் தோன்றும் இச்செய்தி உண்மையில் இரு வேறு கண்ணிகளைப் பற்றியது. கண்ணி 2 பாதுகாப்பாக உள்ளது, ஆனால் அதற்கு அப்பால் இணையம் எட்டப்படவில்லை.

6. பழுது காணல்

பழுது காணும்போது கண்ணி 1இலிருந்து ஒழுங்காகச் செல்க. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக.

வை-பை பொத்தானே தோன்றவில்லை: கண்ணி 1. அட்டை அல்லது சாதனச் செலுத்தியைப் பார்க்க.

அயல் வலையமைப்புகள் தெரிகின்றன, உங்களுடையது மட்டும் இல்லை: கண்ணி 2. ரவுட்டர் இயங்குகிறதா எனப் பார்க்க. ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்ப, பழைய கணினியின் அட்டை 2.4 கிகாஹேர்ட்ஸை மட்டும் அறியுமாயின் பெயர் தோன்றாது.

இணைந்துள்ளது, ஆனால் முகவரி 169.254 எனத் தொடங்குகின்றது: கண்ணி 3. ரவுட்டர் முகவரி வழங்காதபோது விண்டோஸ் தானே இட்டுக்கொள்ளும் முகவரி இது. முகவரியைப் பார்ப்பதற்குக் கட்டளைச் சாளரத்தில் "ஐபிகொன்பிக்" எனும் கட்டளையை ஆங்கில எழுத்துகளில் ஒரே சொல்லாக வழங்குக.

ரவுட்டருக்கு "பிங்" கட்டளை அனுப்பினால் பதில் வருகின்றது, வெளியே அனுப்பினால் வரவில்லை: கண்ணி 4. வீட்டிலுள்ள ஏனைய சாதனங்களிலும் இணையம் இல்லையாயின் இம்முடிவு உறுதியாகும்.

8.8.8.8 எனும் முகவரிக்கு "பிங்" பதில் தருகின்றது, ஆனால் இணையத்தளங்கள் பெயர் கொண்டு திறக்கவில்லை: கண்ணி 5. (8.8.8.8 என்பது கூகிளின் பொது ஆள்களப் பெயர்ச் சேவையகத்தின் முகவரியாகும்.)

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். இரவு 8 மணி. விண்ணப்பம் ஒன்றை நள்ளிரவுக்கு முன் நிகழ்நிலையில் சமர்ப்பிக்கவேண்டும். மாணவி ஒருவரின் மடிக்கணினியில் வை-பை கோடுகள் நிறைந்துள்ளன, பக்கம் திறக்கவில்லை. அவர் கடவுச்சொல்லை மாற்றிப் பார்க்கவோ விண்டோஸை மீள நிறுவவோ தேவையில்லை. கோடுகள் நிறைந்திருப்பதால் கண்ணி 1, 2 சரி. முகவரி 192.168 எனத் தொடங்குகின்றது, எனவே கண்ணி 3 சரி. அதே ரவுட்டருடன் இணைந்த தந்தையின் தொலைபேசியிலும் செய்திகள் வரவில்லை, எனவே பிழை மடிக்கணினியில் அன்று. கண்ணி 4 அறுந்துள்ளது. டேற்றா மீதியைப் பார்த்து அல்லது சேவை வழங்குநரை அழைத்து அறியலாம். அதுவரை காத்திராமல் தொலைபேசியின் டேற்றாவை ஹொட்ஸ்பொட் மூலம் தந்து விண்ணப்பத்தை அனுப்பிவிடலாம். ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை. கண்ணிகளை அறியாதவருக்கு நள்ளிரவே கடந்துவிடும்.

முக்கிய எச்சரிக்கை: ரவுட்டரை மீளத் தொடக்குதல் வேறு, மீளமைத்தல் வேறு. மின்னை நிறுத்திச் சிறிது நேரத்தின் பின் மீண்டும் வழங்குதல் மீளத் தொடக்குதலாகும். இதனால் அமைப்புகள் அழிவதில்லை. பின்புறத்திலுள்ள ஊசித் துவாரத்தை அழுத்திப் பிடித்தல் மீளமைத்தலாகும். இதனால் கடவுச்சொல்லும் சேவை வழங்குநரின் இணைப்பு விபரங்களும் உட்பட நாம் அமைத்த யாவும் அழியும். அவசரத்தில் ஊசியைத் தேடாதீர்கள்.

7. ரவுட்டரை வைக்கும் இடம்

உலோகம் வானொலி அலையைத் தெறிக்கச் செய்யும். நீர் அதனை உறிஞ்சும். கொங்கிறீற்றுச் சுவர் வலுவிழக்கச் செய்யும். ஆகவே பின்வருவனவற்றைக் கவனிக்க.

• வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து உயரத்தில், திறந்த இடத்தில் வைக்க. முன் விறாந்தையின் மூலையில் வைத்தால் சைகையின் பாதி தெருவுக்கே செல்லும்.
• இரும்பு அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, நீர்த் தொட்டி, மீன் தொட்டி ஆகியவற்றின் பின்னால் வைக்கவேண்டாம்.
• குசினியில் நுண்ணலை அடுப்பு இருப்பின் அதனருகில் வைக்கவேண்டாம்.
• அயல் வீடுகளில் ரவுட்டர்கள் பல இருப்பின் 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் 1, 6, 11 ஆகிய அலைவரிசைகளுள் நெரிசல் குறைந்ததைத் தெரிக. இம்மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படிவதில்லை.
• கையடக்கத் தொலைபேசி வலையமைப்பில் இயங்கும் ரவுட்டருக்கு இன்னொரு பிரச்சினை உண்டு. வீட்டின் நடுவில் கண்ணி 2 நன்றாக இருக்கும், ஆனால் கோபுரத்துடனான கண்ணி 4 வலுக் குறையலாம். அப்போது யன்னலோரத்தில் வைத்துப் பார்த்து, இரண்டுக்கும் பொருந்தும் இடத்தைத் தெரிக.

8. பாதுகாப்பு

வடத்தில் செல்லும் சைகையைப் பெற வடத்தைத் தொடவேண்டும். வெளியிற் செல்லும் சைகையைப் பெற மதிலுக்கு அப்பால் நின்றாலே போதும். எனவே கம்பியில்லா வலையமைப்பில் மறைகுறியாக்கம் கட்டாயமாகும்.

டபிள்யூ.ஈ.பி.: 1997இல் வந்தது. 2001அளவில் அதன் குறைபாடுகள் வெளிப்பட்டன. இன்று சில நிமிடங்களில் உடைக்கப்படக்கூடியது. பயன்படுத்தக்கூடாது.
டபிள்யூ.பி.ஏ.: 2003இல் இடைக்காலத் தீர்வாக வந்தது. இதுவும் இன்று பொருத்தமற்றது.
டபிள்யூ.பி.ஏ.2: 2004. கடவுச்சொல் வலிமையாயின் வீட்டுக்குப் போதுமானது.
டபிள்யூ.பி.ஏ.3: 2018. கணினியும் ரவுட்டரும் ஏற்குமாயின் இதனையே தெரிக.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்க, அதன் அடியில் உள்ள ஒட்டுத்தாளிற் குறிப்பிட்ட முகவரியை உலாவியில் தட்டெழுதுக. பல ரவுட்டர்களில் இது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆகும். பின்வரும் ஐந்தையும் செய்க.

(1) நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுக. இது வை-பை கடவுச்சொல் அன்று, அமைப்புப் பக்கத்துக்கு உரியது. இதனை மாற்றாதவரின் ரவுட்டருக்குள் இணைந்த எவரும் உரிமையாளர் ஆகலாம்.
(2) வை-பை கடவுச்சொல்லை நீளமாக அமைக்க. டபிள்யூ.பி.ஏ.2இல் 8 தொடக்கம் 63 வரையான குறியீடுகள் அனுமதிக்கப்படும். பிறந்த திகதியும் தொலைபேசி இலக்கமும் அயலவர் அறிந்தவை. தொடர்பற்ற நான்கைந்து சொற்களைச் சேர்ப்பது நினைவில் வைக்க எளிது, ஊகிக்கக் கடினம்.
(3) வலையமைப்புப் பெயரில் குடும்பப் பெயரையோ வீட்டு இலக்கத்தையோ இடவேண்டாம்.
(4) டபிள்யூ.பி.எஸ். எனும் பொத்தான் இணைப்பு வசதியை நிறுத்துக.
(5) ரவுட்டரின் நிலைபொருளை இற்றைப்படுத்துக.

பெயரை மறைத்து வைத்தல் பாதுகாப்பு ஆகாது. மறைத்த பெயரையும் அதற்கான மென்பொருளால் அறியலாம்.

பொது இடங்களிலுள்ள திறந்த வை-பையைப் பயன்படுத்தும்போது, அதே பெயரில் வேறொருவர் போலி வலையமைப்பு அமைத்திருக்கக்கூடும் என்பதை நினைவிற் கொள்க. உலாவி பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால் அதனைக் கடந்து செல்லாதீர்கள். வங்கிக் கணக்கு அலுவல்களை அங்கு தவிர்த்துக்கொள்க. வை-பையின் மறைகுறியாக்கம் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில் மட்டுமே உண்டு. ரவுட்டருக்கு அப்பாலும் தரவைக் காப்பது எச்.ரி.ரி.பி.எஸ். எனும் நடப்பொழுங்காகும்.

சட்டமும் ஒழுக்கமும்: இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், கணினியொன்றை அல்லது அதிலுள்ள தகவலை அதிகாரமின்றி அணுகுதலைக் குற்றமாக்குகின்றது. அயலவரின் கடவுச்சொல்லை உடைத்து நுழைதலைக் கெட்டித்தனமாகக் கருதவேண்டாம். அவர் பணம் கொடுத்து வாங்கிய டேற்றாவையும் நாம் எடுக்கிறோம். வீட்டில் இணைப்பு இல்லாத மாணவர்கள் கேட்டுப் பெறலாம். கொடுக்கும் வீட்டார் ரவுட்டரின் விருந்தினர் வலையமைப்பைத் திறந்து வேறு கடவுச்சொல் வழங்கலாம். தமது சாதனங்களும் காக்கப்படும், அயற்பிள்ளையின் படிப்பும் நடக்கும்.

9. கணித்தல்

8 பிற்று = 1 பைற்று. இணைப்பின் வேகம் மெகாபிற்றிலும் கோப்பின் அளவு மெகாபைற்றிலும் தரப்படும். இவ்விரண்டையும் குழப்பாதீர்கள்.

உதாரணம்: 90 மெகாபைற்று அளவான கடந்தகால வினாத்தாள் தொகுப்பொன்றை, செக்கனுக்கு 12 மெகாபிற்று வேகத்தில் பதிவிறக்க எடுக்கும் நேரம் யாது?

90 × 8 = 720 மெகாபிற்று
720 ÷ 12 = 60 செக்கன்

கணினி காட்டும் வை-பை வேகம் செக்கனுக்கு 144 மெகாபிற்றாக இருப்பினும், வெளி வழியின் வேகம் 12 ஆயின் விடை 60 செக்கனே. சங்கிலியில் மிக மெதுவான கண்ணியே வேகத்தைத் தீர்மானிக்கும்.

10. மாதிரி வினாக்கள்

1. கணினிகளுக்குத் தானாக ஐ.பி. முகவரி வழங்கும் நடப்பொழுங்கு எது?
(1) எச்.ரி.ரி.பி. (2) டி.எச்.சி.பி. (3) எப்.ரி.பி. (4) எஸ்.எம்.ரி.பி.

2. பின்வருவனவற்றுள் வழிகாட்டப்படாத ஊடகம் எது?
(1) ஒளியியல் நார் (2) ஓரச்சு வடம் (3) நுண்ணலை (4) முறுக்கிய கம்பிச் சோடி

3. வீட்டு வை-பைக்கு மிகவும் பாதுகாப்பான தெரிவு எது?
(1) திறந்த வலையமைப்பு (2) டபிள்யூ.ஈ.பி. (3) டபிள்யூ.பி.ஏ. (4) டபிள்யூ.பி.ஏ.3

4. மடிக்கணினியொன்று ரவுட்டருடன் இணைந்துள்ளது. ரவுட்டருக்கு அனுப்பும் "பிங்" கட்டளைக்குப் பதில் வருகின்றது. எனினும் வீட்டிலுள்ள எச்சாதனத்திலும் இணையம் இல்லை.
(அ) பழுது எப்பகுதியில் உள்ளது?
(ஆ) உமது முடிவுக்கு ஒரு காரணம் தருக.
(இ) பயனர் செய்யக்கூடிய இரு நடவடிக்கைகளைக் குறிப்பிடுக.

விடைகள்

1 – (2). 2 – (3). 3 – (4).

4. (அ) ரவுட்டருக்கும் இணையச் சேவை வழங்குநருக்கும் இடையிலான இணைப்பில்.
(ஆ) "பிங்" பதில் வருவதால் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான தொடர்பு சரியாக உள்ளது. (எல்லாச் சாதனங்களும் பாதிக்கப்பட்டுள்ளன எனவும் எழுதலாம்.)
(இ) டேற்றா மீதியைச் சரிபார்த்தல், ரவுட்டரை மீளத் தொடக்குதல், வெளி வடத்தைச் சரிபார்த்தல், சேவை வழங்குநரைத் தொடர்புகொள்ளல் என்பவற்றுள் ஏதேனும் இரண்டு.

நான்காம் வினா போன்றவற்றில் "வை-பை வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் புள்ளி கிடையாது. எந்தக் கண்ணி, ஏன் என இரண்டையும் எழுதுக.

பயிற்சி: உங்கள் வீட்டிலோ பாடசாலைக் கணினி ஆய்வுகூடத்திலோ உள்ள கணினியொன்றில் இன்றே ஐ.பி. முகவரியையும் இயல்புநிலை நுழைவாயிலையும் கண்டறிந்து கொப்பியில் எழுதுக. ஐந்து கண்ணிகளையும் அதன் கீழே படமாக வரைந்து, ஒவ்வொன்றையும் எவ்வாறு சோதிப்பீர்கள் என ஒரு வரி குறிக்க. அடுத்த பாடத்தில் ஐ.பி. முகவரியிடலை விரிவாக நோக்கும்போது இக்குறிப்பு உங்களுக்குத் தேவைப்படும்.